லாஜிஸ்டிக்ஸ் எம்பிஏ: மும்பையில் சேர்வதற்கு முன் போட வேண்டிய கணக்கு

செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி, நெருல் என்று தமிழ்க் குடும்பங்கள் அதிகம் வசிக்கும் பகுதிகளில், பி.காமோ பி.இயோ முடித்த பிள்ளை இருக்கும் வீடுகளில் இப்போது அடிக்கடி எழும் கேள்வி இது: "லாஜிஸ்டிக்ஸில் எம்பிஏ சேர்க்கலாமா?" துறைமுகம், புதிய விமான நிலையம், சரக்கு ரயில் பாதை என்று செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. கல்லூரி விளம்பரங்களும் கூடவே வருகின்றன.

அந்த விளம்பரங்களில் ஒரு வரி தவறாமல் இருக்கும். இந்தியாவின் லாஜிஸ்டிக்ஸ் செலவு நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் 13 முதல் 14 சதவீதம், வளர்ந்த நாடுகளில் 8 சதவீதம்தான், இந்த இடைவெளியை அடைக்க லட்சக்கணக்கில் ஆட்கள் வேண்டும் என்பதுதான் அந்த வரி. ஆனால் 2025 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீடு, 2023-24-ல் இந்தச் செலவு 7.97 சதவீதம்தான் என்கிறது. இடைவெளியே இல்லை என்றால் வேலை எங்கிருந்து வரும்? பலரும் குழம்புவது இங்கேதான். அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

லாஜிஸ்டிக்ஸ் என்றால் எது, எது இல்லை

நாளிதழ்கள் 'தளவாட மேலாண்மை' என்று எழுதுகின்றன. தளவாடம் என்றதும் நமக்குப் படைக்கருவிகள்தான் நினைவுக்கு வரும். துறையில் இருப்பவர்கள் லாஜிஸ்டிக்ஸ் என்றே சொல்கிறார்கள், இந்தக் கட்டுரையிலும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

ஒரு பொருள் இருக்கும் இடத்திலிருந்து, வேண்டிய இடத்துக்கு, வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவில், கெடாமல், கட்டுப்படியாகும் செலவில் போய்ச் சேர வேண்டும். அதற்கான எல்லா வேலையும் லாஜிஸ்டிக்ஸ். லாரி ஓட்டுவது அதில் ஒரு பகுதிதான். கிடங்கு, இருப்புக் கணக்கு, சுங்க ஆவணங்கள், சரக்கு எங்கே இருக்கிறது என்ற தகவல் ஆகியவையும் இதற்குள் வரும்.

இதோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு சொல் சப்ளை செயின், அதாவது விநியோகச் சங்கிலி. திருப்பூர் பனியனை எடுத்துக்கொள்ளுங்கள். நூலை எந்த மில்லில் வாங்குவது, இந்த சீசனுக்கு எந்த அளவில் எத்தனை தைப்பது, விற்காமல் திரும்பி வருவதை என்ன செய்வது ஆகிய முடிவுகள் சப்ளை செயின். தைத்து அட்டைப்பெட்டியில் அடைத்தது திருப்பூரிலிருந்து பிவண்டி குடோனுக்கும், அங்கிருந்து தாதர் கடைக்கும் போய்ச் சேர்வது லாஜிஸ்டிக்ஸ். சப்ளை செயின் என்ற பெரிய வட்டத்துக்குள் லாஜிஸ்டிக்ஸ் ஒரு சிறிய வட்டம்.

பாடத்திட்டத்தைப் பார்க்கும்போது இந்த வேறுபாடு முக்கியம். சரக்கை நகர்த்துவது ஒரு வேலை, எதை எங்கே எவ்வளவு வைப்பது என்று தீர்மானிப்பது வேறொரு வேலை. இரண்டுக்கும் சம்பளம் வேறு, வேலை நேரம் வேறு, வளர்ச்சிப் பாதையும் வேறு. 'லாஜிஸ்டிக்ஸ் எம்பிஏ' என்ற ஒரே பெயரில் இரண்டுக்கும் ஆள் தயாரிக்கிறார்கள்.

14 சதவீதமா, 8 சதவீதமா

13-14 என்பது பல ஆண்டுகளாகக் கைமாறி வந்த எண். 2022 செப்டம்பர் 17 அன்று தேசிய லாஜிஸ்டிக்ஸ் கொள்கை வெளியானபோதும் அதுதான் சொல்லப்பட்டது, அதை ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவருவது நோக்கம் என்று அறிவித்தார்கள். அந்த எண் வெளி அமைப்புகளின் பழைய மதிப்பீடுகளிலிருந்து வந்தது, முறையான தேசியக் கணக்கெடுப்பு அல்ல.

பிறகு மத்திய வணிக அமைச்சகத்தின் தொழில் வளர்ச்சித் துறைக்காக, தேசியப் பயன்பாட்டுப் பொருளாதார ஆய்வுக் குழு என்ற தில்லி அமைப்பு கணக்கெடுத்தது. 2021-22-க்கு 7.8 முதல் 8.9 சதவீதம் என்று முதலில் ஒரு வரம்பைச் சொன்னது. அடுத்து வந்ததுதான் 2023-24-க்கான 7.97 சதவீதம், ரூபாயில் சுமார் 24 லட்சம் கோடி. ஒரே ஆண்டில் செலவு பாதியாகக் குறைந்துவிட்டது என்று இதைப் படிக்கக் கூடாது. அளந்த விதம் மாறியிருக்கிறது.

படிக்கப் போகிறவருக்கு இதில் என்ன இருக்கிறது? சதவீதம் எதுவாக இருந்தாலும் வேலைவாய்ப்பு அதிலிருந்து வருவதில்லை. சரக்கின் அளவும் அதைக் கையாள்வதிலுள்ள சிக்கலும் கூடும்போதுதான் வேலை கூடும். நவாசேவாவில் இருக்கும் ஜவாஹர்லால் நேரு துறைமுகம் 2024-25-ல் சுமார் 73 லட்சம் டிஇயூ கையாண்டது. டிஇயூ என்பது இருபதடி நீளக் கன்டெய்னர் ஒன்றைக் குறிக்கும் அலகு, நாற்பதடிப் பெட்டி இரண்டு டிஇயூ. பால்கர் மாவட்டத்தில் வாத்வன் துறைமுகத்துக்கு 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது, மதிப்பீடு 76,220 கோடி ரூபாய். வளர்ச்சி உண்மைதான். ஆனால் வளரும் துறையில் எல்லாப் படிகளும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. எந்தப் படி சுருங்குகிறது, எது விரிகிறது என்று விளம்பரம் சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு பெட்டியின் பின்னாலேயே போய்ப் பார்க்க வேண்டும்.

ஒரு பெட்டி நவாசேவாவில் இறங்கினால்

மும்பை வியாபாரி ஒருவர் வெளிநாட்டிலிருந்து ஒரு நாற்பதடிப் பெட்டி நிறைய இயந்திர உதிரிபாகம் வரவழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

1. முதல் முடிவு கப்பல் கிளம்பும் முன்பே எடுத்தாகிவிட்டது. எஃப்ஓபி என்ற நிபந்தனையில் வாங்கினால் கப்பல் கட்டணம் வாங்குபவர் பொறுப்பு, கப்பலையும் அவரே தேர்ந்தெடுப்பார். சிஐஎஃப் என்றால் விற்பவர் ஏற்பாடு செய்வார். சிஐஎஃப் சுலபம் போலத் தெரியும். ஆனால் அங்கே விற்பவர் அமர்த்திய ஏஜென்ட்டின் மும்பைக் கிளை, பெட்டி இங்கே வந்ததும் நீட்டும் பில்லில் பேரம் பேச இடமே இருக்காது. அனுபவப்பட்ட இறக்குமதியாளர்கள் எஃப்ஓபி கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

2. சுங்கத்துக்குத் தாக்கல் செய்ய வேண்டிய ஆவணத்தின் பெயர் பில் ஆஃப் என்ட்ரி. கப்பல் வருவதற்கு முந்தைய நாள் முடிவதற்குள், ஞாயிறு, விடுமுறை எல்லாம் கணக்கில் சேர்த்து, தாக்கல் செய்திருக்க வேண்டும். தாமதித்தால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாய். ஐந்து நாள் தாமதமானால் 35,000 ரூபாய். இன்வாய்ஸில் ஒரு எண் தவறி, திருத்தி அனுப்பச் சொல்லிக் காத்திருந்தால் ஐந்து நாள் ஓடியே போய்விடும்.

3. பொருளுக்கு எந்த வரி விகிதம் என்பது அதன் வகைப்பாட்டு எண்ணைப் பொறுத்தது. ஒரு வால்வு எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்பதில் கருத்து வேறுபாடு வந்தால் பெட்டி நின்றுவிடும்.

4. பெட்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் இரண்டு மீட்டர் ஓடுகின்றன. துறைமுகத்துக்குள்ளோ, உரண்-பன்வேல் பக்கத்துச் சரக்கு நிலையத்துக்குள்ளோ இலவச நாட்களைத் தாண்டி நின்றால் இட வாடகை. கப்பல் நிறுவனத்தின் பெட்டியை இலவச நாட்களுக்குள் காலி செய்து திருப்பித் தராவிட்டால் டிடென்ஷன். பேச்சில் இரண்டையும் 'டெமரேஜ்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பில் கொடுப்பவர்கள் வேறு வேறு, சலுகை கேட்டுப் பேச வேண்டிய இடமும் வேறு.

5. அனுமதி கிடைத்ததும் டிரெய்லர் பெட்டியை ஏற்றிக்கொண்டு பிவண்டி போகிறது, சரக்கு இறங்குகிறது, காலிப் பெட்டி கப்பல் நிறுவனம் சொல்லும் யார்டுக்குத் திரும்புகிறது. அந்த யார்டு நிரம்பியிருந்தால் இன்னொரு நாள் போய்விடும்.

மாறிக்கொண்டிருப்பது எது என்று இப்போது பாருங்கள். 2020-ல் முகமறியா மதிப்பீட்டு முறை நாடு முழுவதும் வந்தது. நவாசேவாவில் இறங்கும் பெட்டியின் ஆவணத்தை வேறொரு நகரத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி கணினியில் மதிப்பிடலாம். முன்பு ஃபைலைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக அலைவதே ஒரு முழு வேலையாக இருந்தது. பட்டப்படிப்பு முடித்து பம்பாய் வந்த எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் பல்லார்ட் எஸ்டேட்டின் கிளியரிங் ஆபீஸ்களில் அந்த வேலையில் நுழைந்து, பத்து வருடத்தில் மேலாளராக உயர்ந்தார்கள். அந்த நுழைவாயில் குறுகிவிட்டது. ஆவணத்தைத் தூக்கிச் செல்பவர் குறைய, ஆவணத்தைப் படித்து வகைப்பாட்டு எண்ணை வாதிடத் தெரிந்தவருக்கு மதிப்பு கூடியிருக்கிறது. முதுநிலைப் படிப்பு இரண்டாவது ஆளை உருவாக்க வேண்டும். முதல் ஆளுக்குக் கோட் போட்டு அனுப்பினால் போதாது.

பிவண்டி ஏன் குடோன் ஊர் ஆனது

விசைத்தறிக்குப் பெயர்போன பிவண்டியைச் சுற்றி, மும்பை-நாசிக் நெடுஞ்சாலையின் இரு பக்கமும், கண்ணுக்கு எட்டிய வரை தகரக் கூரைக் குடோன்கள். இதற்குப் பின்னால் ஒரு வரிக்கதை இருக்கிறது.

மும்பை மாநகராட்சி எல்லைக்குள் நுழையும் சரக்குக்கு 'ஆக்ட்ராய்' என்ற நுழைவு வரி இருந்தது. மொத்தச் சரக்கையும் ஒரேயடியாக உள்ளே கொண்டுவந்தால் மொத்த வரியையும் முன்கூட்டியே கட்டிப் பணத்தை முடக்க வேண்டும். எல்லைக்கு வெளியே, தாணே மாவட்டத்தில், மலிவான நிலத்தில் வைத்துக்கொண்டு விற்க விற்க உள்ளே எடுத்தால் போதும் என்று கணக்குப் போட்டார்கள். பிவண்டி பிறந்தது இந்தக் கணக்கில்.

நாடு முழுவதும் இதே மாதிரி இன்னொரு கணக்கு ஓடியது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு விற்றால் மத்திய விற்பனை வரி உண்டு. சொந்தக் கிடங்குக்குச் சரக்கை மாற்றினால் இல்லை. எனவே பெரிய நிறுவனங்கள் தேவை இருக்கிறதோ இல்லையோ மாநிலத்துக்கு ஒரு கிடங்கு வைத்தன. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது, இரண்டு காரணங்களும் ஒரே நாளில் மறைந்தன. ஆக்ட்ராய் போனது. மாநிலத்துக்கு ஒரு கிடங்கு என்ற தேவையும் போனது.

அப்படியானால் பிவண்டி காலியாகியிருக்க வேண்டுமே? ஆகவில்லை. சிறு கிடங்குகளை மூடிய நிறுவனங்கள் பெரிய கிடங்கு ஒன்றை எங்கே போடலாம் என்று தேடின. மும்பை, தாணே, கல்யாண் வாடிக்கையாளர்களுக்கு அருகில், நாசிக் சாலையில், துறைமுகத்துக்கு எட்டும் தூரத்தில் பிவண்டி இருந்தது. ஆன்லைன் வியாபாரமும் அந்த நேரத்தில் பெருத்தது. வரிக்காக உருவான ஊர், வரி போன பிறகு இடத்துக்காக நிலைத்துவிட்டது.

இருபது கிடங்கை ஆறாகக் குறைத்தால் வாடகை மிச்சம், ஆனால் லாரி ஓட வேண்டிய தூரம் கூடும். எந்த இடத்தில் இரண்டும் சேர்ந்து குறைவாக வரும் என்று கண்டுபிடிப்பதற்கு நெட்வொர்க் டிசைன் என்று பெயர். ஜிஎஸ்டிக்குப் பின் பெரிய நிறுவனங்கள் எல்லாம் இந்தக் கணக்கை மறுபடியும் போட வேண்டியிருந்தது. இதைப் போடத் தெரிந்தவருக்கும், அந்த ஆறு கிடங்கில் ஒன்றில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவருக்கும் இருக்கும் தூரம்தான் ஒரு நல்ல படிப்புக்கும் சாதாரணப் படிப்புக்கும் இருக்கும் தூரம்.

வகுப்பறையில் எதைத் தேட வேண்டும்

ஒரு பழைய, எளிய உதாரணம். 1913-லேயே வெளியான சூத்திரம் அது. ஒரு தடவை எவ்வளவு ஆர்டர் போடுவது லாபம் என்று சொல்லும்.

சயானில் ஒரு கடைக்கு ஆண்டுக்கு 3,600 பெட்டி பொருள் தேவை. ஒவ்வொரு ஆர்டருக்கும் வண்டி, கூலி, எழுத்து வேலை என்று 500 ரூபாய் ஆகிறது. ஒரு பெட்டியை ஓராண்டு வைத்திருக்க வாடகை, வட்டி, சேதாரம் சேர்த்து 40 ரூபாய்.

1,200 பெட்டிகளாக வாங்கினால் ஆண்டுக்கு மூன்று ஆர்டர், 1,500 ரூபாய். சராசரியாக 600 பெட்டி இருப்பில் கிடக்கும், அதற்கு 24,000 ரூபாய். மொத்தம் 25,500.

100 பெட்டிகளாக வாங்கினால் 36 ஆர்டர், 18,000 ரூபாய். சராசரி இருப்பு 50 பெட்டி, அதற்கு 2,000 ரூபாய். மொத்தம் 20,000.

300 பெட்டிகளாக வாங்கினால் 12 ஆர்டர், 6,000 ரூபாய். சராசரி இருப்பு 150 பெட்டி, அதற்கும் 6,000. மொத்தம் 12,000. இதுதான் மிகக் குறைவு. ஆர்டர் செலவும் இருப்புச் செலவும் சமமாகும் புள்ளி அது.

'மொத்தமா வாங்கினா மலிவு' என்று நாம் பழகியிருக்கும் எண்ணம் எவ்வளவு செலவு வைக்கும் என்பதை இந்தச் சின்னக் கணக்கே காட்டிவிடுகிறது. நடைமுறையில் தேவை ஏறி இறங்கும், கப்பல் தாமதமாகும். 2023 இறுதியில் செங்கடல் தாக்குதல்கள் தொடங்கியபோது ஐரோப்பா போகும் கப்பல்கள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. பயணம் பத்து நாளுக்கும் மேல் நீண்டது, எல்லோருடைய இருப்புக் கணக்கும் மாறிப்போனது. அப்போது எத்தனை பெட்டி கூடுதலாக வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யப் புள்ளியியல் தெரிய வேண்டும்.

எனவே பாடத்திட்டத்தில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்: புள்ளியியலும் தேவை முன்கணிப்பும், இருப்புக் கட்டுப்பாடு, உகப்பாக்கக் கணக்குகள் (பல வழிகளில் செலவு குறைந்ததைக் கண்டுபிடிப்பது), கிடங்கு வடிவமைப்பு, சுங்கச் சட்டமும் ஏற்றுமதி-இறக்குமதி ஆவணங்களும், செலவுக் கணக்கியல், எக்செல்லைத் தாண்டிய ஏதாவது ஒரு தரவுக் கருவி. முதல் ஆண்டு முழுக்கப் பொது நிர்வாகப் பாடம், இரண்டாம் ஆண்டில் லாஜிஸ்டிக்ஸ் என்று மூன்று பேப்பர் மட்டும் என்றால், அது பெயர்ப்பலகை மாற்றிய பொது எம்பிஏ. அதிலும் தவறில்லை, ஆனால் 'சிறப்புப் படிப்பு' என்று அதற்குக் கூடுதல் கட்டணம் கொடுக்கக் கூடாது.

பட்டம் யாருடையது

பெற்றோர் பலரும் கவனிக்காமல் விடும் இடம் இது.

1. எம்பிஏ. இது பல்கலைக்கழகப் பட்டம். பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் இருக்க வேண்டும். மும்பைப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் இதற்கு இணையான படிப்பு எம்எம்எஸ் என்ற பெயரில் நெடுங்காலமாக நடந்துவந்தது. மகாராஷ்டிராவில் சேர மாநிலத்தின் பொது நுழைவுத் தேர்வு உண்டு.

2. பிஜிடிஎம். தனி நிறுவனங்கள் தரும் முதுநிலை டிப்ளமா. ஏஐசிடிஇ, அதாவது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதல் வேண்டும். தனியார் வேலைக்கு எம்பிஏவுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு பார்ப்பதில்லை. ஆனால் பின்னாளில் பிஎச்டியோ அரசு வேலையோ வேண்டும் என்றால், எம்பிஏவுக்கு இது இணை என்ற இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் சான்று இருக்கிறதா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

3. ஐஐஎம். 2018 ஜனவரி இறுதியில் தனிச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகே இவை டிப்ளமாவுக்குப் பதில் பட்டம் தரத் தொடங்கின. மும்பைக்கு இதில் தனிக் கதை உண்டு. பொவாய் பக்கம் விஹார் ஏரியருகே 1963-லிருந்து இயங்கிய நிட்டி என்ற தேசியத் தொழிற்பொறியியல் கல்வி நிறுவனம் 2023-ல் ஐஐஎம் மும்பை ஆனது. தொழிற்சாலைச் செயல்பாடுகளும் சப்ளை செயினும்தான் அதன் பழைய பலம். இப்போது அதே துறையில் தனி எம்பிஏ நடத்துகிறது. சேர்க்கை, நவம்பர் மாதக் கடைசியில் நடக்கும் கேட் (CAT) தேர்வு வழியாக.

4. துறைக்கென்றே உள்ள மத்தியப் பல்கலைக்கழகங்கள். 2008-ல் தொடங்கிய இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் சென்னை, துறைமுக, கப்பல் மேலாண்மையில் எம்பிஏ அங்கே உண்டு. போக்குவரத்துக்கும் லாஜிஸ்டிக்ஸுக்கும் என்றே வதோதராவில் கதி சக்தி விஸ்வவித்யாலயா இருக்கிறது. மும்பையிலிருந்து ஒரு இரவு ரயில் தூரம்கூட இல்லை.

5. பயிற்சி நிலையம் நடத்தும் 'எம்பிஏ'. இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி, தொலைவிலுள்ள ஏதோ ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் பெயர், சனி ஞாயிறு வகுப்பு. பல்கலைக்கழகங்கள் இப்படி வேறொரு நிறுவனத்துக்குக் கிளை உரிமை கொடுத்துப் பட்டப்படிப்பு நடத்த மானியக் குழு அனுமதிப்பதில்லை. ஆன்லைன், தொலைநிலைப் படிப்பு என்றால் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அந்த ஆண்டுக்கு, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு ஒப்புதல் இருக்கிறதா என்று மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் பட்டியலில் பார்க்க வேண்டும். 'அப்ரூவல் வந்துகொண்டே இருக்கிறது' என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

படித்தவர்கள் எங்கே வேலைக்குப் போகிறார்கள்

ஃப்ரெய்ட் ஃபார்வர்டர்கள் (பிறர் சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்பவர்கள்), சுங்கத் தரகர்கள்: அந்தேரி, வாஷி, பேலாப்பூர் பக்கம் ஏராளம். நுழைவது எளிது. பெரும்பாலும் விற்பனை வேலை. அதாவது, 'உங்கள் பெட்டியை எங்களிடம் கொடுங்கள்' என்று கேட்கும் வேலை. பேச்சுத் திறமை இருப்பவர் வேகமாக உயர்வார், மற்றவர் முதல் ஆண்டிலேயே சோர்ந்துவிடுவார்.

த்ரீபிஎல் என்னும், மற்ற நிறுவனங்களின் சரக்கைக் கையாளும் மூன்றாம் தரப்பு நிறுவனங்களும் ஆன்லைன் வியாபாரக் கிடங்குகளும்: பிவண்டி, பன்வேல், தலோஜா. தொடக்கத்தில் ஷிஃப்ட் பொறுப்பாளர் வேலை, பண்டிகைக் காலத்தில் விடுமுறை என்ற பேச்சே கிடையாது. தீபாவளிக்கு ஊருக்குப் போக முடியாது என்று தெரிந்தே சேர வேண்டும். செம்பூரிலிருந்து பிவண்டி போய்வருவதும் ஒரு பெரிய விஷயம். பிவண்டி ரோடு ரயில் நிலையம் வசாய்-திவா பாதையில் இருக்கிறது, புறநகர் ரயில் அடிக்கடி ஓடும் பாதை அல்ல அது. இரவு ஷிஃப்ட் பார்க்கும் பெண்களுக்கு நிறுவனம் வண்டி அனுப்புகிறதா என்பதைச் சேர்வதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. துறைமுகப் பக்கம் நிலைமை கொஞ்சம் மேல்: 2024 ஜனவரியில் உரண் வரை புறநகர் ரயில் நீண்டதிலிருந்து நவாசேவா என்றே ஒரு நிலையம் இருக்கிறது, நெருலில் ஏறி அங்கே இறங்கலாம்.

நிறுவனங்களின் சொந்த சப்ளை செயின் துறைகள்: சோப்பு, மருந்து, பெயின்ட், வாகன உதிரிபாக நிறுவனங்களின் தலைமை அலுவலகங்கள். தேவைத் திட்டமிடல், கொள்முதல், நெட்வொர்க் முடிவுகள் எல்லாம் நடப்பது இங்கேதான். சம்பளமும் வளர்ச்சியும் சிறப்பு. எடுப்பதோ ஒரு சில கல்லூரிகளிலிருந்து மட்டும்.

கல்லூரி '100 சதவீத வேலைவாய்ப்பு' என்று சொன்னால், இந்த மூன்றில் எதில் எத்தனை பேர் என்று கேளுங்கள். சராசரிச் சம்பளத்தைச் சொன்னால் நடுமதிப்பைக் கேளுங்கள். அறுபது பேரில் இரண்டு பேருக்குப் பெரிய சம்பளம் கிடைத்தாலும் சராசரி ஏறிவிடும். வரிசையில் நடுவில் நிற்பவரின் சம்பளம்தான் உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடியது.

இன்னொன்று. மும்பையில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் பள்ளியில் மராத்தியும் பேசி வளர்ந்தவர்கள். யார்டிலும் குடோனிலும் டிரைவரிடமும் சுமை தூக்கும் மாத்தாடியிடமும் வேலை வாங்க இந்த மூன்றும் உதவும். நாமக்கல்லிலிருந்து சரக்கோடு வந்த லாரி டிரைவர் கேட்டில் நின்றால் தமிழ்தான் முதலில் கைகொடுக்கும். இதை நாம் தகுதியாக எழுதுவதே இல்லை, சுயவிவரத்தில் எழுத வேண்டும்.

கடன் கணக்கு

பத்து லட்சம் ரூபாய் கல்விக் கடன், 10 சதவீத வட்டி, ஏழு ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 16,600 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கும் இரண்டு ஆண்டுகளில் ஏறும் வட்டியை இதில் சேர்க்கவில்லை. அந்த இரண்டு ஆண்டு வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளத்தையும் சேர்க்கவில்லை. கையில் வரும் சம்பளத்தில் தவணை மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், மும்பை வாடகையில் அந்தப் பிள்ளைக்கு மூச்சு முட்டும். நடுமதிப்புச் சம்பளத்தை இந்தத் தவணையோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதிக் கல்லூரிகள் பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

என் கருத்தில், முதல் வரிசைக் கல்லூரியில் இடம் கிடைத்தால் கடன் வாங்கியாவது போகலாம். கிடைக்கவில்லை என்றால், கிடைத்த ஏதோ ஒன்றில் பத்து லட்சத்தைப் போடுவதைவிட, இரண்டு ஆண்டு ஒரு ஃபார்வர்டரிடமோ கிடங்கிலோ வேலை பார்த்துவிட்டு மறுபடியும் நுழைவுத் தேர்வு எழுதுவது மேல். டிடென்ஷன் பில்லைக் கையில் வாங்கித் திட்டு வாங்கியவருக்கு வகுப்பில் சொல்லும் இருப்புக் கணக்கு ஒரே தடவையில் புரியும். நேர்முகத்திலும் அந்த அனுபவத்தைத்தான் கேட்பார்கள்.

ஏற்கெனவே துறையில் இருப்பவர்களுக்கு

கிளியரிங் ஆபீஸில் வேலை பார்க்கும் முப்பது வயதுக்காரர்கள் பலர், எம்பிஏ இல்லாததால் மேலே போக முடியவில்லை என்று நினைக்கிறார்கள். அவர்களுக்கு இன்னொரு கதவு இருக்கிறது. சுங்கத் தரகர் உரிமம். 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, பட்டதாரியாக இருந்து, நிர்வாகத்திலோ நிதியிலோ கணக்கியலிலோ முதுநிலைப் பட்டம் போன்ற ஒரு தொழில்முறைத் தகுதி இருந்தால் அதற்கான தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். அந்தத் தகுதி இல்லாத பட்டதாரியும், ஜி கார்டு (சுங்கத் தரகரிடம் வேலை பார்ப்பவருக்குச் சுங்கத் துறை தரும் அனுமதி அட்டை) வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டு சுங்கத் தரகு வேலை பார்த்திருந்தால், விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் உண்டு, கடினமானவை. வென்றால் மற்றவர் உரிமத்தின் கீழ் வேலை பார்த்தவர், சொந்தப் பெயரில் பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்யலாம்.

இரண்டு ஆண்டு வேலையை விட்டுவிட்டு, நடுத்தரக் கல்லூரி ஒன்றில் பத்து லட்சம் கட்டுவதற்கு முன், கையில் ஜி கார்டு இருப்பவர் முதலில் இந்தத் தேர்வின் பாடத்திட்டத்தை எடுத்துப் படிக்கட்டும். சுங்கச் சட்டம், வகைப்பாடு, மதிப்பீடு, வெளிநாட்டு வணிகக் கொள்கை என்று அதில் இருப்பதில் பெரும்பகுதி அவர் தினமும் கையாளும் காகிதங்கள்தான்.